எல்டன் காட்டாத இடம்

எல்டன் ஷ்ராய்டர் விழுந்ததை நேரில் பார்த்தவை பசுமாடுகள் மட்டும்தான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வரும் டேங்கர் லாரியை அவர் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜனவரி மாத விடிகாலையில், லாரியின் பின் ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே இறுகிப்போன தரையில் தொப்பென்று விழுந்தார். சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்த பண்ணைக்காரர், "ஐயோ, அடி பட்டுடுச்சா?" என்று பதறினார். எல்டன் தரையில் இருந்தபடியே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பரவாயில்ல. நேத்தைவிட இன்னைக்குக் குளிர் கொஞ்சம் கம்மிதான், இல்ல?" என்றார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். கை முறிந்தால் பரவாயில்லை. கொட்டகை எரிந்தால், இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு சரியில்லை என்று சொல்வதற்குச் சமம்.

படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு எதுவும் முறியவில்லை. நீலக் காயம் ஒரு மாதத்தில் மறைந்தது. வலி மட்டும் வந்த இடத்திலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிந்தது. வெந்நீர்ப் பை வைத்தால், பை சூடாக இருக்கும் வரைக்கும் சுகம். லாரி வேலையை விட்டாயிற்று. தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் பின்னால் போய் நின்றுகொள்வார். கதவைத் திறந்துவிட ஆள் வேண்டாமா என்று ஒரு சாக்கு வைத்திருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் ஊரான ஹெய்டலில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஆட்டக்கூடம். அக்கார்டியன், தூபா, டிரம்ஸ். போல்கா என்ற குதியாட்டம் ஆரம்பித்தால் மரத்தரை குதிக்கும். எல்டனுக்கும் அவர் மனைவி மார்லிஸுக்கும் அந்தத் தரையில்தான் முதல் பேச்சு நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாக்களைத் தூக்கியவள். அவள் சுழன்றால் கூட ஆடுகிறவர் பிடித்த பிடியை விடக் கூடாது, விட்டால் அடுத்த மேஜையில் போய் விழவேண்டியதுதான். இரண்டு வருடமாக அந்தப் பிடி வில்மர் ப்ரீபேயிடம் இருந்தது.

வில்மர் பக்கத்து நிலத்துக்காரர், மனைவியை இழந்தவர். எல்டன் நாற்காலியோடு நாற்காலியாகிப் போன முதல் சனிக்கிழமையே, "மார்லிஸ் பாவம் சும்மா உக்காந்திருக்கா. உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லேன்னா..." என்று இழுத்தார். "எனக்கென்ன வருத்தம்?" என்றார் எல்டன். அன்றிலிருந்து வாராவாரம் வில்மர் நன்றாகச் சலவை செய்த சட்டையில், குப்பென்று ஒரு தைல வாசனையோடு வந்து மார்லிஸிடம் கையை நீட்டுவார். கிழவன் ஏதோ புதுசாக வாசனைத் திரவியம் வாங்கியிருக்கிறான் என்று எல்டன் நினைத்துக்கொண்டார். யாராவது பார்த்தால், "நல்லா ஆடுறான்ல?" என்பார். சொல்லும்போது பல்லைக் கடித்திருப்பது தாடிக்குள் தெரியாது.

வசந்த காலத்தில் ஒருநாள் மார்லிஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அக்டோபர்ல நமக்கு நாப்பது வருஷம் ஆகுது. எனக்கு மோதிரம் வேண்டாம், ஊர்ப் பயணம் வேண்டாம். உன்கூட ஒரே ஒரு ஆட்டம் வேணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி அந்த பெத்தனிப் பொண்ணுகிட்ட போய் முதுகைக் காட்டு."

பெத்தனி படித்துவிட்டு ஊருக்கே திரும்பிவந்து, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் கைரோபிராக்டர் நிலையம் திறந்திருந்தாள். முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருப்பி, நெட்டி முறித்துச் சரிசெய்கிற வைத்தியம். தீவனக் கடையில் காலைக் காபி குடிக்கும் கூட்டம் இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதிப் பேருக்கு அவள் கை தெய்வத்தின் கை. மீதிப் பேர், "என் கோழியை நான் அப்படித்தான் திருகுவேன்" என்றார்கள்.

எல்டனுக்கு நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. ஒரு ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே போனதும்தான் சிக்கல் புரிந்தது. எல்டன் பால் ஏற்றப் போன பண்ணைகளில் ஒன்று பெத்தனியின் அப்பாவுடையது. முன்பல் விழுந்த சிறுமியாக, கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று, "எல்டன் மாமா, ஹாரன் அடிங்க!" என்று கத்திய குழந்தை. அந்தக் குழந்தை இப்போது வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டு, "எங்க வலிக்குது, எல்டன்? கை வச்சுக் காட்டுங்க" என்றாள்.

வலி இருந்த இடம் எல்டனுக்கு நன்றாகத் தெரியும். வலது பக்கம், உட்காருகிற இடத்தில், வால் எலும்புக்குச் சற்று மேலே. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் ஞானஸ்நானத்தன்று கையில் வாங்கிய பெண்ணிடம் தன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவதா? அவர் இடுப்புக்கு மேலே காற்றில் உள்ளங்கையை ஒரு வட்டம் சுற்றினார்.

"இந்தப் பக்கமா... பொதுவா."

"பொதுவாவா?"

"ஆமா. சுத்துவட்டாரம் பூரா."

பெத்தனி குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். "இங்க? இங்க?" இடுப்புக்குக் கீழே விரல் இறங்கும் முன்பே எல்டன், "இல்ல இல்ல, அங்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முந்திக்கொண்டார். அவளும் விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்து, மூச்சை விடச் சொன்னாள். படக்! காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கழுத்திலும் ஒரு படக்.

எழுந்து உட்கார்ந்தார். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. பல வருடமாகக் காரைப் பின்னால் எடுக்க உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தவர். அது பெரிய விஷயம்தான். வலித்த இடம் மட்டும் வலித்தபடி இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" கண் விரியக் கேட்டாள். வாளிமேல் நின்று ஹாரனுக்குக் காத்திருந்த அதே முகம்.

"ரொம்பப் பரவாயில்லையே!" என்றார் எல்டன். கழுத்தைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல.

ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த முறை எப்படிக் குறைத்துச் சொல்வது? போன வாரத்தைவிட மோசம் என்றால் அவள் செய்தது சரியில்லை என்று ஆகும். ஆகவே வாராவாரம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிக்கொண்டே போனார். பெத்தனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்ற உணர்ச்சியில் எல்டன் வீட்டிலிருந்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்குத் துண்டுகள் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றிக்குக் கொடுக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

கோடை முடிவதற்குள் எல்டனுக்கு முழுக்கக் குணமாகிவிட்டது, அதாவது அவர் வலியைத் தவிர.

பெத்தனியின் நிலையத்தில் வாசல் பக்கம் பழைய பசு மணி ஒன்று தொங்கும். சிகிச்சை முடிந்தவர்கள் அதை அடித்துவிட்டுப் போகவேண்டும். மணி கேட்டால் முன்மேஜையில் இருக்கும் டோரீன் எழுந்து கைதட்டுவாள், காத்திருப்பவர்களும் தட்டுவார்கள். அன்றைக்கு டோரீன், "எல்டன், இன்னைக்கு உன் முறை. அடி!" என்றாள்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்..."

"வெக்கப்படாத. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

அதுதான் பிரச்சினையே. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்டன் மணியை லேசாகத் தொட்டார். "பசு செத்துப்போச்சா? நல்லா அடி!" என்றாள் டோரீன். நன்றாக அடித்தார். காலில் இருந்து முதுகு வரை ஒரு மின்னல் ஓடியது. புன்னகையோடு கையசைத்துவிட்டு வெளியே வந்து, காரில் உட்காராமல் அதன்மேல் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

டோரீனிடம் சொன்னாலும் ஒன்றுதான், உள்ளூர் வானொலியில் சொன்னாலும் ஒன்றுதான். மறுநாள் மளிகைக் கடையில் வில்மர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தைலம் மணத்தது.

"கேள்விப்பட்டேன்பா! இனிமே உன் பொண்டாட்டி உன் பொறுப்பு. கல்யாண நாள் அன்னைக்கு நான் கிட்டயே வரமாட்டேன். முதல் போல்காவே உங்களோடது, பேண்டுக்காரங்ககிட்ட சொல்லியாச்சு."

"அடடா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் எல்டன், கையை விடுவித்துக்கொண்டு.

மார்லிஸ் புது கவுன் ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள், சுழலும்போது விரிகிற மாதிரி. தைக்கிறபோது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அதைக் கேட்கக் கேட்க எல்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் நாற்பது வருடத்தில் கேட்ட ஒரே பரிசு. அதையும் மணியடித்து ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. இனி ஒரே வழி, பழகிப் பார்த்துவிடுவது.

ஒரு மத்தியானம் மார்லிஸ் கடைக்குப் போன நேரம் பார்த்து, கார் ஷெட்டில் ரேடியோவைப் போட்டார். துடைப்பத்தை ஜோடியாகப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். பரவாயில்லை. இரண்டாவது குதி. மூன்றாவதில் திரும்பினார், அவ்வளவுதான். வலது பக்கம் யாரோ முறுக்கேற்றியது போல இறுகிக்கொண்டது. அப்படியே குனிந்தவர் நிமிரவில்லை. பிக்அப் வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். ரேடியோவில் தூபா உற்சாகமாக முழங்கியது.

மார்லிஸ் வந்து பார்த்தபோது அந்தக் கோலத்தில்தான் இருந்தார்.

"எல்டன்? என்ன பண்ற?"

"சும்மாதான். வண்டிக்கு அடியில பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"துடைப்பத்தோடயா?"

"தூசு."

மார்லிஸ் ரேடியோவை அணைத்தாள். அவர் முகத்துக்கு நேராகத் தெரியும்படி குனிந்து பார்த்தாள். "வலிக்குதா?"

"அப்படி ஒண்ணும்... பரவாயில்ல."

"எல்டன், உன் மூக்குல இருந்து வேர்வை சொட்டுது. நீ வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

எல்டன் பம்பரைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு அந்த ஆட்டம் வேணுமே" என்றார் மெதுவாக.

மார்லிஸுக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனாலும் குரலை இறக்கவில்லை. "வண்டில ஏறு."

"உக்கார முடியாது."

"அப்ப பின்னாடி படுத்துக்கோ."

வைக்கோல் கட்டு மாதிரி பிக்அப்பின் பின்தட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு எல்டன் ஷ்ராய்டர் கடைத்தெரு வழியாகப் போனார். தீவனக் கடை வாசலில் நின்றவர்கள் கையசைத்தார்கள். எல்டனும் படுத்தபடியே ஒரு விரலைத் தூக்கி அசைத்தார். மரியாதை போய்விடக் கூடாதே.

நிலையத்தில் டோரீன் வாயைப் பிளந்தாள். "மணியடிச்ச ஆளாச்சே!"

"மணியை விடு. பெத்தனியைக் கூப்பிடு" என்றாள் மார்லிஸ்.

உள்ளறைக் கட்டிலில் எல்டனைக் கிடத்தினார்கள். பெத்தனி பதறிப்போய், "என்ன ஆச்சு? நல்லாத்தானே இருந்தீங்க?" என்றாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு..."

"எவ்வளவு கொஞ்சம்?" என்றாள் மார்லிஸ்.

"சும்மா லேசா..."

"எல்டன்!"

கதவுக்கு அந்தப் பக்கம் டோரீனின் காது ஒட்டிக்கொண்டிருந்தது. எல்டன் கட்டிலில் முகம் வைக்கிற துளையில் முகத்தைப் புதைத்தபடி, தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலிக்குது. ரொம்ப வலிக்குது. விழுந்த நாள்லேருந்து இப்படித்தான் இருக்கு. கழுத்து மட்டும் நல்லாயிடுச்சு, அதுக்கு நன்றி."

"கழுத்து வலிக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"அதுவும் சொல்லல."

பெத்தனி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று எல்டன் தோளைக் குறுக்கினார். அவளோ, "தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றாள். "நீங்க கட்டிலை இறுக்கிப் பிடிக்கிறதைப் பார்த்தேன். ஆனா நல்லாயிருக்குன்னு சொன்னதும் அதையே பிடிச்சுக்கிட்டேன், கேக்க சுகமா இருந்துச்சு. எங்கப்பாவும் உங்களை மாதிரிதான். குடல்வால் வெடிக்கிற வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் வச்சவரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சரி, இப்ப சொல்லுங்க. எங்க வலிக்குது? பொதுவா வேண்டாம்."

எல்டன் கையைப் பின்னால் கொண்டுபோனார். காற்றில் வட்டம் போட ஆரம்பித்தது கை. மார்லிஸ் தொண்டையைக் கனைத்தாள். கை நின்றது, கீழே இறங்கியது, வலது பக்கம் உட்காருகிற இடத்தில் ஒற்றை விரல் போய்ப் பதிந்தது.

"இங்க."

பெத்தனி எழுந்தே விட்டாள். "இங்கயா? அங்க ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க! இத்தனை மாசமா நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருந்தேனா?"

"உன்னைச் சின்னப் பிள்ளையா பார்த்தவன். உங்கிட்ட எப்படி அந்த இடத்தை..."

கதவுக்கு வெளியே டோரீன் தும்மலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். மார்லிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், அவள் தோள் குலுங்கியது. பெத்தனிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தது. எல்டனும் சிரித்தார், சிரித்தது வலித்தது, "ஆ! வலிக்குது!" என்றார். இரண்டாம் முறை சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை.

அன்றைக்கு அவள் நெட்டி முறிக்கவில்லை. இறுகியிருந்த இடத்தை இளக்கி, மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லி அனுப்பினாள். வேறு ஆபத்து ஒன்றும் இல்லை; முதுகெலும்பு இடுப்போடு சேர்கிற மூட்டில் விழுந்த அடி என்று அங்கே சொன்னார்கள். அதன் பிறகுதான் பெத்தனி சரியான இடத்தில் கை வைத்தாள். ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"முழுசாப் போயிடும்னு நான் சொல்லமாட்டேன், எல்டன். பழைய அடி. குறைக்கலாம். அது இருக்கும்போதே நீங்க நடமாடப் பழகலாம். வீட்டுல இந்தப் பயிற்சியைச் செய்யணும், தினமும் நடக்கணும். அப்புறம், கேட்டா உண்மையைச் சொல்லணும்."

"கடைசிதான் கஷ்டம்."

"தெரியும்."

எல்டன் செய்தார். காலையில் சமையலறைத் தரையில் படுத்து முழங்காலை மார்போடு அணைப்பார். நாய் வந்து முகத்தை நக்கும். சில நாள் நன்றாக இருந்தது. சில நாள் இல்லை. இல்லாத நாளில் பெத்தனி கேட்டால், பற்களுக்கிடையிலிருந்து பிடுங்கி எடுப்பது மாதிரி, "இன்னைக்கு மோசம்" என்பார். அவள் அதற்குத் தகுந்தபடி கையை மாற்றுவாள். இலை பழுக்கும் காலத்தில் பிரசங்கம் முழுக்க உட்கார்ந்தே கேட்டார். கதவைத் திறந்துவிட ஆள் இல்லையே என்று போதகர் விசாரித்தார்.

மணியை மட்டும் டோரீன் விடவில்லை. "அடிச்சதைத் திருப்பி எடுக்க முடியாதே. என்ன பண்றது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். மணியின் நாக்கில் ஒரு பழைய கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டிருந்தாள், எல்டன் கணக்குத் தீரும் வரை.

கல்யாண நாள் வந்தது. ஆட்டக்கூடம் நிரம்பியிருந்தது. பேண்டுக்காரர் ஒலிபெருக்கியில், "முதல் போல்கா, நாப்பது வருஷ ஜோடிக்கு!" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. மார்லிஸ் புது கவுனில் எல்டனைப் பார்த்தாள்.

எல்டன் எழுந்து நின்றார். காது சிவந்தது. "எனக்கு... வலிக்குது" என்றார், கூடத்துக்கே கேட்கும்படி. "போல்கா முடியாது. அடுத்து வர்ற வால்ட்ஸ், மெதுவான ஆட்டம், அது என்னோடது. இதை வில்மர் ஆடட்டும்."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். எல்லாரும் வில்மரைப் பார்த்தார்கள். வில்மர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி பாதி எழுந்தார்.

"எல்டன்," என்றார், "நீ சொல்லிட்டே. அப்ப நானும் சொல்லிடறேன். எனக்கு முட்டி போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"என்னது?"

"தைலத்தைப் பூசிப் பூசித்தான் ஆடறேன். நிறுத்தினா மார்லிஸ் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"நானா?" என்றாள் மார்லிஸ். "நான் ஆடமாட்டேன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதானே வந்துக்கிட்டிருந்தேன்! அந்தத் தைல நாத்தத்துல எனக்கு வாராவாரம் கண்ணுல தண்ணி!"

எல்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த அத்தனை சனிக்கிழமைகளும் தரையில் உருண்டு போயின. "உக்காரு வில்மர், உக்காரு" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பேண்டுக்காரர்கள் யாருக்கென்று தெரியாமலேயே போல்காவை வாசித்தார்கள். இளவட்டங்கள் ஆடினார்கள். மேஜையில் ருபார்ப் கேக்கின் கடைசித் துண்டு தட்டில் கிடந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டி, பாதியில் பாதி வெட்டி, ரொட்டித் துணுக்கு அளவுக்கு ஆக்கி விட்டுவிடுவார்கள். வில்மர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நாள் ஆசை" என்றார் வாய் நிறைய.

பக்கத்து மேஜையில் ஒருவர் தன் தோள்பட்டையைப் பற்றி ஆரம்பித்தார். அதற்கடுத்தவர் தன் குதிகாலைப் பற்றி. மூலையில் உட்கார்ந்திருந்த பெத்தனியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "திங்கக்கிழமை வாங்க, திங்கக்கிழமை!" என்று அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

வால்ட்ஸ் ஆரம்பித்தது. எல்டன் மார்லிஸின் கையைப் பிடித்தார். மெதுவாக, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி, பழைய மரத்தரையில் இரண்டு பேரும் நகர்ந்தார்கள். கவுன் விரியவில்லை. அது விரிகிற வேகம் இல்லை இது.

"எப்படி இருக்கு?" என்றாள் மார்லிஸ் அவர் தோளில் இருந்து.

எல்டன் யோசித்துப் பார்த்தார். "வலிக்குது."

"நிறுத்திடலாமா?"

"அவ்வளவு இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. இந்தச் சுத்து முடியட்டும், அப்புறம் மறுபடி கேளு."